பிக்கப்புக்குப் புல் பார்: வாங்கும் முன் எனக்கு யாரும் சொல்லாதவை

பிக்கப் வண்டிக்குப் புல் பார் என்ற முன்பக்க இரும்பு பம்பர் போட வேண்டும் என்று யாரிடம் பேசினாலும் பேச்சு விலையில் தொடங்கி விலையிலேயே முடிந்துவிடுகிறது. எந்தக் கடையில் மலிவு, எது பார்க்கக் கம்பீரம், சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் வின்ச் வைக்க இடம் உண்டா, இவ்வளவுதான் கேட்கிறார்கள், இவ்வளவுதான் சொல்கிறார்கள். அந்த இரும்பை மாட்டிய மறுநாளிலிருந்து ரேடார், ஸ்பிரிங், ஏர்பேக், காப்பீடு என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கை நீட்டும் என்பதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. மாதக்கணக்கில் தனியாக அலைந்து, 6,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் செலவழித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். இன்னொருவர் இதே பணத்தை இதே வழியில் இறைக்கக் கூடாது.

நாங்கள் இருப்பது ஆஸ்திரேலியாவில், சிட்னியிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் டப்போ நகரத்தில். மருத்துவமனை வேலைக்காக நிங்கனுக்கும் சில வாரங்களில் அதைத் தாண்டி பர்க் வரைக்கும் நானே வண்டி ஓட்டிப் போக வேண்டும். நிங்கனிலிருந்து பர்க் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். மிட்செல் நெடுஞ்சாலை கோடு போட்டதுபோல நேராக ஓடும். நடுவில் ஓரிரு சிற்றூர்களைத் தவிர வேறொன்றும் இல்லை, பல இடங்களில் கைபேசிக்குச் சிக்னலும் கிடையாது. கங்காரு அதிகாலையிலும் அந்தி நேரத்திலும்தான் மேயக் கிளம்பும். மழை பொய்த்த காலத்தில் சாலையிலிருந்து வழியும் சிறு ஈரத்தில் ஓரத்துப் புல் மட்டும் பச்சையாக நிற்கும், அதைத் தேடிக் கூட்டமாக வந்துவிடும். வளர்ந்த ஆண் செங்கங்காரு 80 கிலோவையும் தாண்டும். அப்படி ஒன்று விடியற்காலையில் என் வண்டியில் மோதியதில் பம்பர், கிரில், இடது முகப்பு விளக்கு, ரேடியேட்டர் நான்கும் போயின. எனக்குக் காயம் இல்லை. ஆனால் ரேடியேட்டர் தண்ணீர் முழுவதும் தார்ச்சாலையில் ஓடிய பிறகு, அந்த வெட்டவெளியில், அடுத்த வண்டி எப்போது வரும் என்று தெரியாமல் நின்ற பயம் இன்னும் போகவில்லை. காப்பீட்டில் என் பங்காக 900 டாலர் கட்டினேன். உதிரிப் பாகங்களுக்காக வண்டி வாரக்கணக்கில் பட்டறையில் நின்றது.

புல் பாரின் உண்மையான வேலை இதுதான். மோதிய பிறகும் ரேடியேட்டரும் விளக்கும் பிழைத்திருக்க வேண்டும், அடுத்த ஊர் வரை வண்டி தன் காலிலேயே போக வேண்டும். மற்றபடி அதை மாட்டிக்கொண்டு இருட்டில் வேகமாகப் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கங்காரு குறுக்கே வந்தால் ஸ்டீயரிங்கை ஒடிக்காமல், வண்டியை நேராகப் பிடித்தபடி பிரேக் போடுங்கள் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். புல் பார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதுதான் விதி. ஒடித்தவர்கள்தான் கவிழ்ந்து சாகிறார்கள்.

என்னுடையது டொயோட்டா ஹைலக்ஸ், இரட்டைக் கேபின், நான்கு சக்கர இயக்கம். ஆவணத்தில் 2020 மாடல். இணையத்தில் தேடியபோது வேறு மாநிலத்தில் இருந்த ஒரு விற்பனையாளர் எஃகு புல் பாரை 1,650 டாலருக்குக் கொடுத்தார். லாரிக் கட்டணம் தனியாக 240. அவர்களுடைய விற்பனைப் பக்கத்தில் '2020 மாடலுக்குப் பொருந்தும்' என்று இருந்தது. தொலைபேசியில் பேசியவரும் ஆண்டையும் ரகத்தையும் மட்டும் கேட்டார், சொன்னேன், பணம் கட்டினேன். இங்கேதான் சிக்கலின் வேர். 2020 ஆகஸ்டில் ஹைலக்ஸின் முகத்தையே மாற்றினார்கள். கிரில், பம்பர், முகப்பு விளக்கு எல்லாம் வேறு. என் வண்டி அந்த ஆண்டின் தொடக்கத்தில், பழைய முகத்தோடு தயாரானது. ஆவணத்தில் இரண்டுக்குமே 2020தான். இதைக் கேட்டுத் தெளிவுபடுத்த வேண்டியது நாள்தோறும் இதையே விற்கிறவருடைய பொறுப்பு, அவர் கேட்கவில்லை. நீங்கள் வாங்கும்போது எஞ்சின் அறையிலோ கதவுத் தூணிலோ இருக்கும் தயாரிப்புத் தகட்டைப் படமெடுத்து, அதிலுள்ள மாதத்தையும் ஆண்டையும் எழுத்தும் எண்ணும் கலந்த 17 குறிகள் கொண்ட வண்டி அடையாள எண்ணையும் மின்னஞ்சலில் அனுப்பி, 'இந்த வண்டிக்குப் பொருந்தும்' என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் வராமல் பணம் கட்டாதீர்கள்.

பெட்டி லாரி நிறுவனத்தின் கிடங்குக்கு வந்தது. வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் தூக்கி இறக்கும் வசதியுள்ள லாரிக்குத் தனிக் கட்டணம். அறுபது கிலோ இரும்பை இரண்டு பேர் இல்லாமல் இறக்கவும் முடியாது. அங்கேயே அட்டையைப் பிரித்துப் பார்த்தபோது முகப்பில் வட்ட வட்டமாகத் துளைகள். நிறுத்தும்போது ஒலி எழுப்பும் சென்சார்களுக்கானவை. என் வண்டிக்கு முன்பக்கத்தில் சென்சாரே கிடையாது. உடனே விற்பனையாளரை அழைத்தேன். 'துளையை அடைக்க மூடி இருக்கிறது, பொருந்தும், பயப்படாதீர்கள்' என்றார். கிடங்கிலிருந்து எடுக்கும்போது நீட்டப்படும் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். கீறலோ வளைவோ இருந்தால் அந்தத் தாளிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். அதற்குப் பிறகு கேட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

மாட்டுவதற்கு ஊரில் ஒரு பட்டறையில் விட்டேன். வேலை எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் எங்கே தவறு நடந்தது என்று புரியும். முதலில் கிரிலைக் கழற்றுவார்கள், பிறகு பிளாஸ்டிக் பம்பரைத் தாங்கும் கிளிப்புகளை. பழைய வண்டியில் இவற்றில் சில உடையும், அதற்கு மாற்று கிளிப்புகளை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. பனிவிளக்கின் வயர்களைப் பிரித்த பிறகு உள்ளே குறுக்காக ஓர் உலோகச் சட்டம் தெரியும். அதையும் கழற்றி, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் இரு முனைகளிலும் புல் பாருக்கான தாங்கிகளைப் போல்ட் போட்டு முடுக்குவார்கள். சில புல் பார்களுக்குப் பிளாஸ்டிக் பம்பரை முழுதாக எடுத்துவிடலாம். வேறு சிலவற்றுக்குப் பம்பரின் கீழ்ப்பாதியை மட்டும் அறுத்து, மேல்பாதியைத் திரும்ப மாட்ட வேண்டும். என்னுடையது இரண்டாவது வகை. அறுப்பதற்கு முன் புல் பாரை ஒரு முறை வெறுமனே தூக்கி வைத்துப் பார்ப்பதுதான் முறை. அந்தப் பட்டறைக்காரர் அதைச் செய்யவில்லை. மதியம் போய்ப் பார்க்கிறேன், பம்பரின் கீழ்ப்பாதி தரையில் கிடக்கிறது. நீல நிறத் தாள் டேப்பில் பென்சிலால் கோடு போட்டு, கோட்டின் மேலேயே அறுத்திருக்கிறார். வெட்டு சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஜாக்கியில் தூக்கி வைத்த புல் பாரின் ஓரம் முகப்பு விளக்கின் வளைவோடு சேரவே இல்லை. ஒரு பக்கம் இரண்டு விரல் இடைவெளி, மறுபக்கம் இரும்பு விளக்கின் கண்ணாடியைத் தொடுகிறது. 'இன்னும் கொஞ்சம் மேலே அறுத்துவிட்டால் உட்கார்ந்துவிடும்' என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் குரல் நடுங்கியது. பாதி நாள் கூலி என்று 280 டாலர் வாங்கிக்கொண்டுதான் வண்டியைக் கொடுத்தார்.

அறுபட்ட பம்பரோடு வேலைக்குப் போய் வந்த அந்த நாட்களில்தான் உபயோகமான ஒரு செய்தி கிடைத்தது. முழு பம்பரையும் எடுத்துவிட்டுப் புல் பார் மாட்டும் பட்டறைகளில் கழற்றிய புதுப் பம்பர்கள் குவிந்து கிடக்கும். அதே நிறத்தில் ஒன்றை 350 டாலருக்கு வாங்கினேன். நிறுவனத்திடம் புதிதாக வாங்கி வண்ணம் அடித்திருந்தால் இதைப்போலப் பல மடங்கு ஆகியிருக்கும். யாருக்காவது பம்பர் உடைந்தால் முதலில் அங்கே கேட்டுப் பாருங்கள்.

விற்பனையாளர் பணத்தைத் திருப்பித் தர மறுத்தார். திருப்பினால் 20 சதவீதம் பிடித்தம், லாரிச் செலவும் உங்களுடையது என்றார். மனம் மாறித் திருப்புகிறவர்களுக்கு அப்படி ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். சொன்ன விவரத்துக்கு ஒத்துவராத பொருளுக்கு அது செல்லாது. ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி, பெரிய குறை என்றால் பணத்தைத் திரும்பப் பெறுவதா மாற்றுப் பொருள் கேட்பதா என்று முடிவு செய்யும் உரிமை வாங்கியவருக்குத்தான். '2020 மாடலுக்குப் பொருந்தும்' என்ற அவர்களுடைய பக்கத்தின் படம், தயாரிப்புத் தகட்டின் படம், விளக்கில் இடிக்கும் இரும்பின் படம் மூன்றையும் இணைத்து, மாநில நியாய வணிகத் துறையில் புகார் கொடுக்கப்போவதாகவும் அங்கே தீராவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போவதாகவும் நிதானமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். தொலைபேசியில் பேசுவதை அதோடு நிறுத்திவிட்டேன். பல நாள் மௌனத்துக்குப் பிறகு 1,650 டாலர் வந்தது, புல் பாரையும் அவர்களே ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டார்கள். எனக்கு வந்த லாரிக் கட்டணம் 240 வரவில்லை. அதற்கும் போராடியிருக்கலாம், அப்போது உடம்பிலும் மனத்திலும் தெம்பு இல்லை.

இரண்டாவது முறை விலையைக் கடைசிக் கேள்வியாக வைத்துக்கொண்டேன். முதல் கேள்வி ஏர்பேக். மோதலின்போது முன்பகுதி எவ்வளவு வேகமாக நசுங்குகிறது, வண்டியின் வேகம் எப்படிக் குறைகிறது என்பதை உணரிகள் அளந்துதான் ஏர்பேக்கை விரிக்கின்றன. விறைப்பான இரும்பை சேசிஸில் நேராக இறுக்கினால் அந்தக் கணக்கே மாறிவிடும். சிறு மோதலுக்கே ஏர்பேக் வெடிக்கலாம், பெரிய மோதலில் தாமதமாகலாம். அதனால்தான் நல்ல தயாரிப்புகளில் தாங்கிகளே நசுங்கும்படி வடிவமைத்திருப்பார்கள். என் வண்டியின் ரகத்துக்கும் தயாரிப்பு மாதத்துக்கும் உரிய ஏர்பேக் பொருத்தச் சான்று, ஆஸ்திரேலிய வாகன வடிவமைப்பு விதிகளை மீறவில்லை என்ற உறுதி, புல் பார்களுக்கான ஆஸ்திரேலியத் தரநிலையான ஏ.எஸ். 4876.1க்கு ஒத்தது என்ற சான்று, எடை, இவை நான்கையும் எழுத்தில் கேட்டேன். மலிவான கடைகள் பலவற்றில் எடை என்ன என்பதற்கே விடை இல்லை. விடை சொன்ன இடத்தில் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருந்தது, காத்திருந்தேன். மாட்டுக்கூலியோடு 3,400 டாலர், 62 கிலோ.

அந்தப் பட்டறையில் வேலை பார்த்த வயதான பிட்டர் ஒருவர் எனக்குக் காட்டிய ஒன்றை மறக்க மாட்டேன். புல் பார் சேசிஸோடு சேர்ந்தது. பக்கத்து மட்கார்டு வண்டியின் உடலோடு சேர்ந்தது. பிக்கப்பில் உடல் சேசிஸின் மேல் ரப்பர் தாங்கிகளில் உட்கார்ந்திருக்கிறது, அதனால் மண்சாலையில் இரண்டும் தனித்தனியாக அசையும். ஆகவே நடுவில் கட்டாயம் இடைவெளி வேண்டும். தன் சுண்டு விரலை அந்த இடைவெளியில் நுழைத்து மேலிருந்து கீழ்வரை ஓட்டிக் காட்டினார். 'விரல் எங்கே சிக்குகிறதோ அங்கே ஒரு மாதத்தில் பெயின்ட் போயிருக்கும், அம்மா. ஒட்டினாற்போல இருந்தால் அழகு, ஆனால் தேய்த்துவிடும்' என்றார். இடது பக்கத்தில் ஓர் இடத்தில் சிக்கியது. போல்ட்டுகளைத் தளர்த்தி, நெம்புகோலால் அசைத்து, மீண்டும் முடுக்கினார். பட்டறையிலிருந்து வண்டியைத் திரும்ப எடுக்கும்போது நீங்களும் விரலை விட்டுப் பாருங்கள். ஓராயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு போல்ட்டுகளை மறுபடி முடுக்கச் சொல்லி அப்போதே நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ரேடார். 2019 நடுப்பகுதியிலிருந்து இங்கே விற்ற ஹைலக்ஸ்களில் மோதலைத் தவிர்க்கத் தானாகப் பிரேக் போடும் வசதி வந்தது. அதற்குக் கண் இரண்டு. ஒன்று முன்கண்ணாடியின் மேல் இருக்கும் கேமரா, மற்றொன்று கிரிலில் டொயோட்டா சின்னத்தின் பின்னால் ஒளிந்திருக்கும் ரேடார். நான் 420 டாலருக்கு வாங்கிக் கொடுத்த எல்.இ.டி. விளக்குச் சட்டத்தைப் பட்டறையில் இருந்த இளைஞர் மேல் குழாயின் நடுவில் மாட்டிவிட்டார். அது சரியாகச் சின்னத்துக்கு நேர் எதிரே. நெடுஞ்சாலையில் ஏறியதும் மோதல் தவிர்ப்பு இயங்கவில்லை என்று எச்சரிக்கை வந்தது, தானியங்கி வேகக் கட்டுப்பாடும் நின்றுவிட்டது. சட்டத்தைக் கீழே இறக்கி மாட்டிய பிறகு எச்சரிக்கை போனது. உங்கள் புல் பாரின் குழாய், விளக்கு, வின்ச், நம்பர் பிளேட் எதுவும் ரேடாருக்கு முன்னால் வரக் கூடாது. கூடுதல் விளக்குகள் ஹை பீமோடு மட்டும் எரியும்படியும் லோ பீமுக்கு மாறியதும் அணையும்படியும் வயர் இழுக்கப்பட வேண்டும், இது இங்கே சட்டம். தூண்டில் தாங்கிபோல முன்னால் துருத்தும் எதையும் புல் பாரில் வைக்காதீர்கள். ஐந்து ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு எங்கள் மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் ஆண்டுதோறும் எடுக்கும் 'பிங்க் ஸ்லிப்' பரிசோதனையில் மாட்டிக்கொள்வீர்கள்.

எடையின் விளைவு தெரியக் கொஞ்சம் நாளானது. இந்த இரும்பு முன் அச்சுக்கும் முன்னால் தொங்குகிறது, எனவே முன் அச்சின் மேல் 62 கிலோவைவிடக் கூடுதலாகவே சுமை ஏறும், பின் அச்சில் அதற்கேற்பக் குறையும். பிரேக் போடும்போது மூக்கு குத்தியது, மேடுபள்ளத்தில் முன்பக்கம் இடித்தது. எடைமேடையில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஓர் அளவு, முழு வண்டிக்கு ஓர் அளவு எடுத்தேன். வரம்பை மீறவில்லை என்பது நிம்மதி. ஆனால் வின்ச் ஆசையை அன்றே விட்டுவிட்டேன். கயிற்றோடு சேர்த்து அது இன்னும் முப்பது கிலோவுக்கு மேல் போகும், நான் போவது தார்ச்சாலையில்தான். நிரந்தர முன்சுமைக்கான ஸ்பிரிங்குகளும் சக்கர அலைன்மென்டும் 1,150 டாலர். ரேடாரையும் கேமராவையும் மறுசீரமைக்க 380. இதில் வரிசை மிக முக்கியம். புல் பார், ஸ்பிரிங், அலைன்மென்ட், கடைசியாகத்தான் மறுசீரமைப்பு. வண்டியின் உயரம் மாறினால் கண்கள் பார்க்கும் கோணமும் மாறிவிடும். அந்தத் தொழில்நுட்பர் நல்லவர், 'ஸ்பிரிங் மாற்றப்போகிறீர்களா? மாற்றிவிட்டு வாருங்கள்' என்று தொலைபேசியிலேயே சொல்லி இரட்டைச் செலவைத் தடுத்தார்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதியபோது பிரீமியம் பெரிதாக ஏறவில்லை. ஆனால் சான்றுகளைக் கேட்டார்கள். முதல் புல் பார் பொருந்தியிருந்தால் அந்த இடத்தில் கொடுக்க என்னிடம் ஒரு தாளும் இருந்திருக்காது என்று நினைத்தபோதுதான் உண்மையில் உடல் சிலிர்த்தது. மாற்றத்தைத் தெரிவிக்காமல் விட்டால் விபத்தின்போது இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகிவிடலாம். மொத்தச் செலவு 6,220 டாலர். அதில் 870 டாலர் முதல் முயற்சியில் வீணானது, விடுப்பு எடுத்த நாட்களின் சம்பளத்தை இதில் சேர்க்கவில்லை.

தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் இதைப் பார்த்து அங்கே செய்துவிட வேண்டாம். இந்தியாவில் புல் பார் மாட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு எதிரானது. மாட்டியவர்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரில் ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. நடந்து போகிறவர்கள் நிறைந்த தெருவில் இந்த இரும்பு மனிதரைத்தான் இடிக்கும். டப்போவுக்கு வெளியே இருக்கும் வெட்டவெளிக்கு உள்ள நியாயம் மதுரை வீதிக்குக் கிடையாது.

ஏற்கெனவே புல் பார் போட்ட பழைய பிக்கப்பை இங்கே வாங்கப் போகிறவர்களும் இருப்பீர்கள். விற்பவர் அதைக் கூடுதல் சிறப்பு என்று சொல்லி விலை ஏற்றுவார். புல் பாரில் தயாரிப்பாளரின் முத்திரைத் தகடு இருக்கிறதா, சான்றுத் தாள் தருவாரா, கழற்றிய பம்பர் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்து எச்சரிக்கை விளக்கு ஏதும் வருகிறதா என்று கவனியுங்கள். முன் ஸ்பிரிங் மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.